அச்சுக்குப் போன ஃபைலையே கியூஆர் கோடிலும் வைக்காதீர்கள்

தரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்த ஒரு ஓட்டல், மதியச் சாப்பாட்டு நேரம். மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். உடனே லிங்க் வந்தது, மெனுதான் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிரே இருந்த பெரியவர் தன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "தம்பி, என்ன இருக்குன்னு நீயே சொல்லிடுப்பா" என்று சர்வரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த பிடிஎஃப்பை இறக்கிப் பார்த்தேன். நாலே பக்கம், 24 எம்பி. விநாடிக்கு 2 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் இது முழுதாக வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இப்படி நடந்தால் பலரும் கோடைத்தான் குறை சொல்கிறார்கள், பெரிதாக அடித்து மறுபடி ஒட்டுகிறார்கள். ஆனால் கோடுக்குள் ஃபைலே இல்லை. ஒரு கியூஆர் கோடில் அதிகபட்சம் 2,953 பைட்தான் அடங்கும். அதில் இருப்பது வெறும் முகவரி. கனமெல்லாம் அந்த முகவரியில் கிடக்கும் ஃபைலில்தான்.

அந்தக் கனம் பெரும்பாலும் அச்சகத்திலிருந்து வருகிறது. ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 2480-க்கு 3508 பிக்சல். அச்சுக்கு அது வேண்டும். ஆனால் கையில் இருக்கும் போனின் திரை அகலம் பெரும்பாலும் 1080 பிக்சல்தான். படங்களை 150 டிபிஐக்கு இறக்கினால் பிக்சல்கள் பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறையும். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதுமான தெளிவு இருக்கும். அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறத்தையும் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றச் சொல்லுங்கள். டிடிபி செய்பவரிடம் "போனுக்குத் தனியா ஒரு பிடிஎஃப் குடுங்க" என்று கேட்டால் சில நிமிட வேலை.

இரண்டாவது தவறு நம் மொழிக்கே உரியது. எழுத்து உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பக்கம் முழுவதையும் படமாக்கிவிடுகிறார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் தமிழ் கிறுக்கலாகத் தெரிந்த காலத்துப் பயம் அது, நியாயமானதும்கூட. ஆனால் பிடிஎஃப்பில் ஃபாண்டையே உள்ளே வைத்து அனுப்பலாம், அதுவும் பயன்படுத்திய எழுத்துகளை மட்டும். படமாக்கினால் ஃபைல் பெருக்கும். அதைச் சுருக்கப் போனால் எழுத்து கெடும்: ன-வும் ண-வும் ஒன்றாகக் குழையும், 60 ரூபாயா 80 ரூபாயா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். பார்வையற்றவரின் போன் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டவும் திணறும். யூனிகோடு எழுத்தாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. உண்மையில் மெனுவுக்கு பிடிஎஃப்பே தேவையில்லை என்பது என் கருத்து. எழுத்தும் விலையும் மட்டும் உள்ள எளிய வலைப்பக்கம் சில பத்து கேபியில் முடிந்துவிடும்.

சுருக்கியதையே திரும்பத் திரும்பச் சுருக்குவதும் ஆகாது. ஜேபெக் படத்தை மாற்றிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் ஏற்கெனவே சுருங்கியதுதான். எப்போதும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். உணவுப் படங்களை பிஎன்ஜியில் வைக்காதீர்கள். புகைப்படத்துக்கு ஜேபெக் அல்லது வெப்பி (WebP) வடிவம். ஜிப் போடுவதால் ஜேபெக் படம் அநேகமாகக் குறையாது, பார்ப்பவருக்கு வேலைதான் கூடும்.

ஃபைலைக் குறைத்த பிறகு நடக்கும் தவறுதான் செலவு வைக்கும். புது ஃபைலைப் புது லிங்க்கில் ஏற்றிவிட்டுப் பழையதை அழித்தால், ஒட்டிய ஸ்டிக்கர் அத்தனையும் வீண். அதே முகவரியில், அதே பெயரில் மாற்றி வையுங்கள். கூகுள் டிரைவ் என்றால் பழைய ஃபைலின் மேலேயே புதிய பதிப்பாக ஏற்றும் வசதி இருக்கிறது, லிங்க் மாறாது. லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதிப்பது கல்லாப்பெட்டி பக்கத்து வைஃபையில் வேண்டாம். இதுவரை அந்த மெனுவைத் திறக்காத, கொஞ்சம் பழைய போன் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் குறைவாக வரும் மூலை மேசையில் உட்கார்ந்து ஸ்கேன் செய்யுங்கள். தண்ணீர் வைத்துவிட்டு சர்வர் திரும்பி வருவதற்குள் மெனு திறந்திருக்க வேண்டும்.