கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: போய் இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஒரு இளநிலைப் பட்டமும் இருந்தால் தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைப்பது பெரிய காரியமில்லை. இறங்கிய முதல் ஒரு மாதத்தைச் சிக்கலில்லாமல் கடப்பதுதான் காரியம். அங்கே ஒவ்வொரு வேலையும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. உடல் பரிசோதனை முடியாமல் ரெசிடென்ஸ் கார்டு (வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) வராது. கார்டு இல்லாமல் மாதக் கட்டண போன் இணைப்பு கிடைக்காது. போன் எண் உங்கள் பெயரில் இல்லையென்றால் பாதி ஆப்கள் திறக்கவே திறக்காது. இந்த வரிசை தெரியாமல் நேராக போன் கடைக்குப் போய் நிற்பவர்கள்தான் அதிகம்.

விசா ஈ-2. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டு பாஸ்போர்ட்டுக்கும் பொதுவாகத் தரப்படுவது. பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான், நியூ ஜெர்சியில் பிறந்த தமிழ்ப் பிள்ளையும் அமெரிக்கர் கணக்கில்தான் வருவார். விசாவுக்கே பட்டச் சான்றின் நகலும் எஃப்பிஐ குற்றப் பின்னணிச் சான்றும் அப்போஸ்டில் முத்திரையோடு (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று) கொடுத்திருப்பீர்கள். இரண்டிலும் ஒரு நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.

பெட்டியில் எது வேண்டும், எது வேண்டாம்

3.5க்கு 4.5 சென்டிமீட்டர் அளவில், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ ஆறேழு. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு எடுக்கும் சதுரப் போட்டோ அங்கே செல்லாது. வேலை ஒப்பந்தத்தின் அசல். முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும் என்பதால் குறைந்தது 1,500 டாலர். வீடு பெரும்பாலும் வேலை கொடுப்பவர் தருவதுதான். ஆனால் படுக்கை விரிப்பு, பாத்திரம், குப்பைப் பை வரை நீங்கள்தான் வாங்க வேண்டியிருக்கும்.

மின்சாரம் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிளக்கில் இரண்டு உருண்டைக் கால். லேப்டாப், போன் சார்ஜர்களில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு ஒரு சின்ன அடாப்டர் போதும். கொரியர்கள் அதைத் ‘த்வேஜிகோ’, அதாவது பன்றி மூக்கு, என்பார்கள். டைசோ கடையில் மலிவாகக் கிடைக்கும். அமெரிக்க ஹேர் டிரையர், 110 வோல்ட் ரைஸ் குக்கர் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது; செருகினால் புகைதான்.

மருந்து விஷயத்தில் விளையாட்டே கூடாது. கவனக் குறைபாட்டுக்காக அமெரிக்காவில் சாதாரணமாக எழுதித் தரும் அடரால் கொரியாவில் தடை செய்யப்பட்ட பொருள். டாக்டர் சீட்டு இருந்தாலும் தபாலில் வரவழைத்தால் வழக்குதான். மற்ற போதைத் தன்மையுள்ள மருந்துகளுக்கு உணவு மற்றும் மருந்துப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

நம் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் ஒரு குறிப்பு: கசகசா வேண்டாம். அது ஓபியம் செடியின் விதை. குருமாவில் அரைத்துச் சாப்பிட்டாலும் சிறுநீர்ப் பரிசோதனையில் ஓபியேட் காட்டக்கூடும்; உங்களுக்கோ இரண்டு வாரத்துக்குள் போதைப்பொருள் பரிசோதனை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி எல்லாம் விமான நிலையத்திலேயே நின்றுவிடும். பெருங்காயமும் சாம்பார்ப் பொடியும் தாராளமாகப் போகலாம். பருப்பும் மசாலாவும் தலைநகர் சோலின் (சியோல்) இடேவொன் பகுதிக் கடைகளில் கிடைக்கின்றன, சுமக்க வேண்டியதில்லை.

முதல் நாள், முதல் இரவு

இஞ்சியோன் விமான நிலையத்தில் மூன்று வேலை: இரண்டு லட்சம் வொன் ரொக்கம், பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு ப்ரீபெய்ட் சிம், கன்வீனியன்ஸ் கடையில் பஸ், ரயிலுக்கான ஒரு டீமணி கார்டு. டீமணியைப் பெரும்பாலும் ரொக்கம் கொடுத்துத்தான் நிரப்ப முடியும். விரைவு ரயில் முதல் டெர்மினலிலிருந்து 43 நிமிடத்தில் சோல் நிலையத்துக்குக் கொண்டு சேர்க்கும். வேறு ஊர் என்றாலோ, பெரிய பெட்டிகள் இருந்தாலோ, பஸ்தான் மேல். பஸ்ஸில் இறங்கும்போதும் கார்டைத் தட்ட வேண்டும். தட்டாமல் இறங்கினால் அடுத்த வண்டிக்கு மாறும்போது கிடைக்கும் சலுகை போய்விடும். வழி பார்க்க நேவர் மேப் போட்டுக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பை நம்பிச் சந்துக்குள் இறங்காதீர்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறக்கும் முன், சுவர், தரை, பாத்ரூம், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வேலை கொடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வருஷம் கழித்துப் பழைய பூசணத்துக்கு உங்கள் பணத்தில் கை வைக்க முடியாது.

கதவுக்குச் சாவி இருக்காது, எண் பூட்டுதான். உள்ளே சாதாரணமாக நான்கு ஏஏ பேட்டரி. தீரும் நிலைக்கு வந்தால் திறக்கும்போது வழக்கமில்லாத ஒரு மெட்டு வாசிக்கும். அன்றே மாற்றுங்கள். மாற்றாமல் விட்டு வெளியே மாட்டிக்கொண்டால், பூட்டின் அடிப்பக்கம் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். கன்வீனியன்ஸ் கடையில் சதுரமான 9 வோல்ட் பேட்டரி வாங்கி, அதன் இரு முனைகளையும் அந்தப் புள்ளிகளில் அழுத்திப் பிடித்தபடியே எண்ணைப் போடுங்கள். விளக்கு எரியாவிட்டால் பேட்டரியைத் திருப்பிப் பிடியுங்கள். பூட்டுக்காரரை நடு இரவில் கூப்பிடும் செலவு மிச்சம்.

சூடு தரைக்கு அடியிலிருந்து வருகிறது. சுவரில் இருக்கும் பாய்லர் பலகையில் நான்கு கொரியச் சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்: ‘நான்பாங்’ அறைச் சூடு, ‘ஒன்சு’ வெந்நீர், ‘வேசுல்’ வெளியே போகிறேன், ‘சில்லே’ அறை வெப்பநிலை. ஜனவரியில் சோலில் வெப்பநிலை மைனஸ் 10க்கும் கீழே போவதுண்டு. காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று பாய்லரை முழுக்க அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் குழாய் உறைந்து வெடிக்கும், அந்தச் செலவு உங்கள் தலையில். போகும்போது ‘வேசுல்’ அழுத்திவிட்டுப் போனால் உறையாத அளவுக்கு அதுவே பார்த்துக்கொள்ளும்.

குப்பைக்குத் தனிப் பை. 1995 முதல் அளவுக்கேற்ற கட்டணப் பை முறை நடக்கிறது. உங்கள் வட்டாரத்தின் பெயர் அச்சிட்ட பையைத்தான் பக்கத்துக் கடையில் வாங்க வேண்டும். சூப்பர் மார்க்கெட் கவரில் கட்டி வைத்தால் அபராதம். உணவுக் கழிவு வேறு: மாடு பன்றி தின்னக்கூடியதா என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி தீவனமாகவோ உரமாகவோ போகிறது. எலும்பு, முட்டை ஓடு, சிப்பி ஓடு, வெங்காயத் தோல், பூண்டுத் தோல், மாங்கொட்டை, டீ பை எல்லாம் சாதாரணக் குப்பை. ஒளி ஊடுருவும் பெட் பாட்டிலை லேபிளைக் கிழித்து, நசுக்கி, தனியாகப் போட வேண்டும்.

கார்டு, வங்கி, போன்: இந்த வரிசையில்

முதல் வாரத்திலேயே, குடிவரவுத் துறை அங்கீகரித்த மருத்துவமனையில் உடல் பரிசோதனை. எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், கண், காது எல்லாம் பார்ப்பார்கள். காசநோய்க்கும் போதைப்பொருளுக்கும் சோதனை உண்டு. அமெரிக்காவில் உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி செல்லும் என்ற சமாதானம் இங்கே எடுபடாது. சிறுநீரில் தெரிந்தால் வேலையும் விசாவும் போகும். முடிவை ஒட்டிய உறையில் தந்தால் ஆர்வத்தில் பிரிக்காதீர்கள். பிரித்த உறையை அலுவலகம் வாங்காது.

அதே வாரம் ஹைகொரியா இணையதளத்தில் குடிவரவு அலுவலகத்துக்கு நேரம் பதிவு செய்யுங்கள். சட்டம் 90 நாள் தருகிறது. ஆனால் மார்ச், செப்டம்பரில் ஆசிரியர்கள் கூட்டமாக வந்து இறங்குவதால் நேரம் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் தேதியை முதலில் பிடித்து வையுங்கள். அலுவலகம் உங்கள் முகவரிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விண்ணப்பம், போட்டோ, பரிசோதனை உறை, ஒப்பந்தம், குடியிருக்கும் முகவரிக்கான ஆதாரம், வேலை கொடுப்பவரின் பதிவுச் சான்று நகல், கட்டணம். பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். கார்டு கைக்கு வர மூன்று நான்கு வாரம். அதுவரை ஜப்பானுக்கு ஒரு எட்டு போய்வரலாம் என்று கிளம்பாதீர்கள்: ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால் வெளியேறிய நிமிடம் அது முடிந்துவிடும்.

கார்டு வந்ததும் வங்கி. அமெரிக்கக் குடிமகன் என்பதால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கேட்பார்கள்; அமெரிக்க வரித்துறைக்குத் தகவல் போக வேண்டும் என்ற விதி. புதுக் கணக்கு பெரும்பாலும் வரம்புள்ள கணக்காகவே தொடங்கும், ஒரு நாளில் மாற்றக்கூடிய தொகை கட்டுப்பட்டிருக்கும். வேலை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் காட்டினால் வரம்பு நீங்கும்.

இங்கேதான் பெயர்ச் சிக்கல். கார்டில் உங்கள் பெயர் பெரிய எழுத்தில், குடும்பப் பெயர் முதலாக, நடுப்பெயர் உட்பட முழுதாக இருக்கும். வங்கி ஊழியர் இடம் போதவில்லை என்று நடுப்பெயரை விட்டுவிடுவார். போன் கடைக்காரர் இடைவெளி இல்லாமல் சேர்த்து அடிப்பார். மூன்றும் மூன்று விதமாகிவிட்டால் ‘போனின் இன்ஜூங்’ என்ற ஆள் சரிபார்ப்பில் ஒவ்வொரு முறையும் நிராகரிப்பு வரும். ரயில் டிக்கெட், ஆன்லைன் கடை, வங்கி ஆப் எல்லாம் அதைத்தான் கேட்கும். அப்பா பெயரையே குடும்பப் பெயராக வைத்திருக்கும் நம்மவர்களின் நீளப் பெயர்களுக்கு இது கூடுதல் தலைவலி. கார்டை மேஜையில் வைத்து, இதிலுள்ளபடி இடைவெளி உட்பட அப்படியே அடியுங்கள் என்று சொல்லுங்கள். போன் கடையை விட்டு எழுந்திருக்கும் முன் அங்கேயே ஒரு ஆள் சரிபார்ப்பை முயன்று பாருங்கள். தவறினால் அவரே அங்கேயே திருத்தித் தருவார்; மறுநாள் போனால் வரிசையில் நிற்க வேண்டும்.

வகுப்பறை

எபிக் என்ற அரசின் ஆங்கில ஆசிரியர் திட்டம் வழியாக அரசுப் பள்ளிக்குப் போனால் முதலில் பயிற்சி முகாம், பிறகு வாரம் 22 பாடவேளை, பக்கத்தில் ஒரு கொரிய ஆசிரியர். ஹாக்வொன் என்ற தனியார் பயிற்சி நிலையத்தில் மதியம் தொடங்கி இரவு 9 வரை வேலை. இறங்கிய மறுநாளே வகுப்பில் தள்ளிவிடுவதும் உண்டு. நியூயார்க்கைவிட கொரியா கோடையில் 13 மணி நேரம், குளிரில் 14 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. முதல் வார மதிய வகுப்பு உடம்புக்கு நடுநிசி வகுப்புதான்.

பள்ளிக்குள் போட ஒரு ஜோடி செருப்பு எடுத்துப்போங்கள். ஆசிரியர் அறைக்கு ஒரு பெட்டி பிஸ்கட்டோ பழச்சாறோ நல்ல தொடக்கம். எதையும் இரண்டு கையால் கொடுங்கள், வாங்குங்கள். மாணவரோ பெற்றோரோ காபி வாங்கித் தந்தாலும் அரசுப் பள்ளியில் வாங்காதீர்கள். 2016 முதல் அமலில் உள்ள ஊழல் தடுப்புச் சட்டம் ஆசிரியர்களையும் கட்டுப்படுத்துகிறது.

பாடத்தை யுஎஸ்பியில் வைத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளின் நெட்வொர்க் கிளவுட் தளங்களைத் தடுத்திருக்கும்.

தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 45, மேல்நிலையில் 50. ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பதால் மார்ச் மாதத்து மூன்றாம் வகுப்பில் பலருக்கு எழுத்தே தெரியாது. அதே வகுப்பில் இரண்டு வருஷம் ஹாக்வொன் போன பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். உங்களைப் பற்றி 40 நிமிடம் பேசுவதுதான் முதல் வகுப்பில் எல்லாரும் செய்யும் தப்பு. படத்தோடு எட்டுக் கூற்று போட்டு, உண்மையா பொய்யா என்று கேட்டு பத்து நிமிடத்தில் முடியுங்கள். பதினைந்து நிமிடம் பெயர் அட்டை செய்யட்டும். சிவப்புப் பேனா மட்டும் வேண்டாம், உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது அங்கே அபசகுனம். மீதி விளையாட்டு. யார் முதலில் என்ற சண்டைக்கு ‘காவி பாவி போ’, நம் கல்-காகிதம்-கத்தரிக்கோல்தான், உடனே தீர்வு.

‘கேள்வி இருக்கிறதா’ என்று கேட்டால் வகுப்பு கல்லாய் உட்காரும். தெரியாமல் இல்லை, எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லப் பயம். பக்கத்துப் பிள்ளையோடு ஒரு நிமிடம் பேசிவிட்டுச் சொல்லச் சொன்னால் கை எழும்பும். உச்சரிப்பில், ‘எஃப்’ ஒலி ‘ப’ ஆகும், ‘இசட்’ ஒலி ‘ஜ’ ஆகும், ‘ஸ்ட்ரைக்’ ஐந்து அசையாக நீளும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து ‘பேன்’ என்றால் அது துள்ள வேண்டும். மேல் பல் கீழுதட்டில் பட ‘ஃபேன்’ என்றால் லேசாகத்தான் ஆட வேண்டும். அசைக்கு ஒரு கைதட்டு என்று வைத்தால் ‘ஸ்ட்ரைக்’குக்கு ஒரு தட்டுதான் என்பது கையாலேயே பதியும்.

மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. சைவர்கள் கவனிக்க: கிம்ச்சியில் பெரும்பாலும் இறால் ஊறலோ மீன் சாறோ இருக்கும், சூப்புக்கு நெத்திலிதான் அடிப்படை. மாதப் பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தத்துக்குப் பக்கத்திலும் ஒவ்வாமை எண்கள் அச்சாகியிருக்கும்: 1 முட்டை, 2 பால், 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு, 17 கணவாய். நெத்திலிக்கு அதில் எண் இல்லை, அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

முதல் சம்பளச் சீட்டு

வருமான வரி, தேசிய ஓய்வூதியம், உடல்நலக் காப்பீடு என்று தனித்தனியாகப் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஓய்வூதியத்துக்குப் பிடித்ததை, நிறுவனம் கட்டிய பங்கோடு, அமெரிக்கர்கள் நாடு திரும்பும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருஷம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையும் உண்டு. சீட்டில் 3.3 சதவீதம் என்று ஒரே ஒரு பிடித்தம் இருந்தால், உங்களை ஊழியராகக் காட்டாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓய்வூதியத்தின் நிறுவனப் பங்கும் பணிக்கொடையும் அதோடு ஆபத்தில். முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தின் 1350 எண்ணுக்குப் பேசுங்கள். விசா சந்தேகத்துக்கு 1345. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தனியாக ட்யூஷன் எடுக்கலாமா என்றால், ஈ-2வில் கூடாது. பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல் வரை போகும்.