எலி இதயத்திலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் எடுப்பது எப்படி

லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மயோசைட் என்ற இதயத் தசைச் செல் மேல்தான் ஆசை. தட்டில் துடிக்கும், செல்போனில் வீடியோ எடுக்கலாம். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல் துடிக்காது. ஆனால் இதயத் தசையைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரந்து பராமரிப்பது அதுதான். மாரடைப்பில் தசை செத்த இடத்தை வடுவால் அடைத்துச் சுவர் கிழியாமல் காப்பதும் அதுதான். அப்புறம் நிறுத்தத் தெரியாமல் நல்ல தசைக்குள்ளும் கொலாஜனைப் போட்டு இதயத்தை விறைக்க வைப்பதும் அதேதான். சாதாரணச் செல் இப்படி வடு கட்டும் செல்லாக மாறுவது எப்படி என்று பார்க்க, முதலில் மாறாத செல் கையில் வேண்டும்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எலிக் கூண்டுப் பக்கமே போக வேண்டாம். எடுத்த இதயத்தைப் பனிக்கட்டியில் வைத்த பிபிஎஸ் (பாஸ்பேட் உப்பு) கரைசலில் போட்டு, இரத்தம் வருவது நிற்கும்வரை மெல்ல அழுத்துங்கள். ஏட்ரியம் (மேலறை), வால்வு, பெருந்தமனியின் அடிக்கட்டை எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். வென்ட்ரிக்கிள் (கீழறை) மட்டும் போதும். வால்வுக்கென்று தனிச் செல்கள் உண்டு, பிறகு குழப்பும். மிச்சத்தைப் பிளேடால் கடுகு அளவுக்குக் கொத்த வேண்டும். இதில் சோம்பல்பட்டால் துண்டின் வெளிப்புறச் செல்கள் செத்துவிடும், உட்புறம் கரையாமலே கிடக்கும்.

ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் டைப் 2 கொலாஜினேஸ் (கொலாஜனை அறுக்கும் நொதி), 37 டிகிரி, மெதுவான கலக்கல். முதல் 10 நிமிடத் திரவத்தைக் கொட்டிவிடலாம். பெரும்பாலும் சிவப்பணுவும் குப்பையும்தான். அதன்பின் ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் மேல்திரவத்தை எடுத்து, 10 சதவீத சீரம் (இரத்தத்தின் தெளிந்த திரவம்) கலந்த டிஎம்இஎம் வளர்ப்புத் திரவத்தில் சேருங்கள். நொதியின் வேகத்தை சீரம் அடக்கிவிடும். வெள்ளை நார் மட்டும் மிஞ்சினால் நிறுத்தலாம். கொலாஜினேஸ் லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) வேறு மாதிரி வேலை செய்யும். நல்ல லாட் கிடைத்தால் நான்கைந்து பாட்டிலாக வாங்கிப் பூட்டி வையுங்கள், பக்கத்து லேப்காரர்கள் கேட்பார்கள்.

70 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, மையவிலக்கியில் 300 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 300 மடங்கு) 5 நிமிடம் சுற்றி, எந்தப் பூச்சும் இல்லாத பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி 2 மணி நேரம் இன்குபேட்டரில் வையுங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் வெறும் பிளாஸ்டிக்கிலேயே சட்டென்று ஒட்டிக்கொள்ளும். மற்றவை அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது. தட்டைச் சாய்த்து, திரவத்தை உறிஞ்சி, இரண்டு முறை கழுவுங்கள். அடுத்த நாள் தட்டையாகப் பரந்து, முட்டை வடிவ நியூக்ளியஸோடு செல்கள் தெரிய வேண்டும்.

கண்ணால் பார்த்தது போதாது. மயோசைட் அல்லாத செல்களில் ஃபைப்ரோபிளாஸ்ட்தான் அதிகம் என்று வெகுகாலம் நம்பினார்கள். சுண்டெலி இதயத்தில் அந்தச் செல்களில் அது 20 சதவீதத்துக்கும் குறைவு, பெரும்பான்மை இரத்தக்குழாயின் உட்சுவரான எண்டோதீலியல் செல்களே என்று 2016-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே ஃபைப்ரோபிளாஸ்டின் அடையாளப் புரதமான பிடிஜிஎஃப்ஆர்-ஆல்ஃபா இருக்கிறதா, எண்டோதீலியல் அடையாளமான சிடி31 இல்லையா என்று இரண்டையும் பாருங்கள். விமென்டின் புரதத்தை மட்டும் நம்பாதீர்கள், எண்டோதீலியல் செல்லிலும் அது உண்டு.

உண்மையான தொல்லை இனிமேல்தான். இதயத் தசையின் விறைப்பு சுமார் 10 கிலோபாஸ்கல். பிளாஸ்டிக் அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல். விறைப்பை உணர்ந்த செல், வடுவுக்குள் இருப்பதாகவே நடந்துகொள்ளும். போதாக்குறைக்கு சீரத்திலேயே இந்த மாற்றத்தைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் இருக்கிறது. சில நாளில் ஆல்ஃபா ஸ்மூத் மசில் ஆக்டின் என்ற சுருங்கும் இழைப்புரதம் தடித்த கயிறுகளாகச் செல்லின் குறுக்கே ஓடும். மாரடைப்புக்குப் பின் வடு கட்டுகிற மயோஃபைப்ரோபிளாஸ்ட் இதுதான், நாம் எதுவும் செய்யாமலே வந்துவிட்டது. இதன்மேல் டிஜிஎஃப்-பீட்டா ஊற்றிவிட்டு "மாற்றம் ஒன்றும் இல்லையே" என்று வருபவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

அதனால் இரண்டாம் பாசேஜுக்குள் (பாசேஜ் என்பது செல்களைப் பெயர்த்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவது) சோதனையை முடியுங்கள். வசதி இருந்தால் கொலாஜன் பூசிய, 8 முதல் 10 கிலோபாஸ்கல் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் வளருங்கள். சோதனைக்கு முந்தைய நாள் சீரத்தை 0.5 சதவீதத்துக்குக் குறைத்து, பிறகு மில்லிக்கு 10 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா, 48 மணி நேரம். எதுவும் சேர்க்காத தட்டையும் சேர்த்தே ஆக்டினுக்குச் சாயமேற்றுங்கள். அதிலேயே கயிறு தெரிந்தால் அந்தத் தொகுதி செல்லாது.

உறைய வைக்கும் குழாயில் தேதியை மட்டும் எழுதி வைக்காதீர்கள். பாசேஜ் எண், எலி ஆணா பெண்ணா, வயது, கொலாஜினேஸ் லாட் எண் நான்கும் வேண்டும், அதுவும் ஆல்கஹால் பட்டால் அழியாத பேனாவில்.