இஸ்லாமியச் சட்டம், கல்வி, தத்துவம்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘இஸ்லாத்தில் இதற்கு என்ன சட்டம்?’ என்று யாராவது கேட்டால் உடனே ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறோம். எந்த மத்ஹபில் (சட்ட மரபில்), எந்த நாட்டில், எந்தக் காலத்தில் என்று திருப்பிக் கேட்பதில்லை. இந்தத் துறையில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அருமையான ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனாலும் ஆதரித்து எழுதுகிறவர்களும் எதிர்த்து எழுதுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே பழைய சித்திரத்தை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்: மாறாத சட்டம், மூடிய வாசல், தேங்கிப்போன மதரஸா, செத்துப்போன தத்துவம். நான்குமே தவறு. எப்படித் தவறு என்று தெரியாமல் இந்தத் துறைக்குள் நுழைந்தால், எவ்வளவு படித்தாலும் அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருப்போம்.

ஒரே பதில்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது

வயது வந்த பெண் வலியின் (தந்தை போன்ற மணப் பொறுப்பாளரின்) சம்மதம் இல்லாமல் தன் நிக்காஹைத் தானே முடித்துக்கொள்ளலாமா? ஹனஃபி மத்ஹபில் முடித்துக்கொள்ளலாம். பொருத்தமில்லாத இடம் என்றால் வலி ஆட்சேபம் எழுப்பலாம், அவ்வளவுதான். ஷாஃபி மத்ஹபில் வலி இல்லாத நிக்காஹ் செல்லாது. ‘வலி இல்லாமல் நிக்காஹ் இல்லை’ என்ற ஹதீஸை (நபிமொழியை) ஷாஃபிகள் அடிப்படையாக வைக்கிறார்கள். குர்ஆனின் 2:230, 2:232 ஆகிய வசனங்கள் மணமுடிக்கும் செயலைப் பெண்ணுடையதாகவே சொல்வதை ஹனஃபிகள் எடுத்துக்காட்டுகிறார்கள். இருவரிடமும் இருப்பது ஒரே குர்ஆன். எந்த ஆதாரத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்தான் பிரிகிறார்கள். அந்த எடைபோடும் முறைக்கென்றே உசூலுல் ஃபிக்ஹ் (ஃபிக்ஹ் எனும் சட்டவியலின் அடிப்படைகள்) என்று ஒரு தனிக் கலை வளர்ந்திருக்கிறது. ஒரு வசனத்தின் தமிழாக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘இதோ சட்டம்’ என்று சொல்பவர் அந்தக் கலை முழுவதையும் தாண்டிக் குதித்துவிடுகிறார்.

இது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமும் அல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹப், உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி. பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ ஷாஃபி நூல். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழில்) எழுதிய ‘மகானி’யும் அப்படித்தான். நம் ஊரிலேயே இரண்டு மரபுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருக்கும்போது, இணையத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒற்றை விடை தேடுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நீதிமன்றச் சட்டத்தையும் ஃபிக்ஹையும் ஒன்றாக்குவது

இந்தியாவில் ‘முஸ்லிம் தனியார் சட்டம்’ என்று நாம் அழைப்பது ஃபிக்ஹ் நூல்கள், ஆங்கிலேயர் காலத் தீர்ப்புகள், நாடாளுமன்றச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து உருவானது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தையே பாருங்கள். வாரிசுரிமையில் உள்ளூர் வழக்கத்துக்குப் பதில் ஷரீஅத்தைப் பின்பற்ற வேண்டும் என்று சொன்ன அந்தச் சட்டம், விவசாய நிலத்தை மட்டும் விட்டுவிட்டது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் இங்கே அந்த விலக்கு நீங்கியது. நஞ்சையில் மகளுக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்கு ஃபிக்ஹ் நூல் என்றைக்கோ பதில் சொல்லிவிட்டது. நீதிமன்றம் எந்தப் பதிலைச் சொல்லும் என்பது மாகாணத்தையும் ஆண்டையும் பொறுத்திருந்தது. இலங்கையில் கதை வேறு. அங்கே 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றங்களும் உண்டு. ஆகவே இந்தியத் தீர்ப்பு ஒன்றைக் காட்டி ‘இஸ்லாம் இப்படிச் சொல்கிறது’ என்று எழுதுவது சரியாகாது.

‘ஹிதாயா’வுக்கு நேர்ந்தது இன்னும் பாடமானது. 12ஆம் நூற்றாண்டில் ஃபர்கானாவைச் சேர்ந்த மர்கீனானி எழுதிய ஹனஃபி நூல் அது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அதை அரபியிலிருந்து பாரசீகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாரசீகத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்துக்கு மாற்ற, 1791இல் வெளியானது. அபூ ஹனீஃபா ஒன்று சொல்வார், அவருடைய மாணவர்கள் வேறொன்று சொல்வார்கள், ஷாஃபி மறுப்பார், ஒவ்வொருவருக்கும் காரணம் உண்டு. ஹிதாயா அப்படி விவாதமாக எழுதப்பட்ட நூல். மதரஸாவில் உஸ்தாத் உரைநூல்களோடு சேர்த்துதான் அதைப் பாடம் சொல்வார். ஆங்கிலேய நீதிபதியின் மேசையிலோ அது பிரிவு பிரிவாக எடுத்தாளும் சட்டத் தொகுப்பாகிவிட்டது. ‘இஸ்லாமியச் சட்டம் இறுகிப்போனது’ என்று பின்னாளில் சொன்னவர்களில் பலர், உண்மையில் இப்படி இறுக்கப்பட்ட ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபத்வா விஷயத்திலும் இதே குழப்பம். முஃப்தி சொல்வது கேட்டவருக்கான சட்டக் கருத்து. காஜி எனும் நீதிபதி கொடுப்பது தீர்ப்பு. ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னபோது பெரிய செய்தியானது. ஃபத்வா காஜியின் தீர்ப்பைப் போல யாரையும் கட்டாயப்படுத்தாது என்பது ஃபிக்ஹ் நூல்களுக்குப் பழைய செய்திதான்.

பழமைவாதி, சீர்திருத்தவாதி என்று முத்திரை குத்துவது

எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு இது. ஒரே ஒரு நிகழ்வை நெருங்கிப் பார்த்தாலே போதும்.

கணவன் காணாமல் போய்விட்டான். இருக்கிறானா இல்லையா தெரியாது. மனைவி எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? ஹனஃபி மரபின் பழைய தீர்ப்புப்படி, அவன் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்திருக்கக்கூடிய காலம் வரை. நடைமுறையில் அவள் ஆயுளே முடிந்துவிடும். கொடுமைப்படுத்துகிற கணவனிடமிருந்தும் ஹனஃபி சட்டத்தில் பெண் விடுபடுவது கடினமாக இருந்தது. ஆனால் ஒரு வழி இருந்தது: அவள் மதம் மாறிவிட்டதாக அறிவித்தால் நிக்காஹ் முறிந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபில் பெண்கள் உண்மையிலேயே அந்த வழியை எடுத்தார்கள். கணவனிடமிருந்து விடுபட ஒரு பெண் தன் மார்க்கத்தையே கைவிட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதைக் கண்டு கலங்கியவர்களில் ஒருவர் கவிஞரும் சிந்தனையாளருமான இக்பால். அவருடைய புகழ்பெற்ற ஆங்கில உரைகளில் முதல் மூன்றும் 1929 ஜனவரியில் சென்னையில் நிகழ்த்தப்பட்டவை. தொகுப்பு 1930இல் நூலானது. இஜ்திஹாத் (மூல ஆதாரங்களிலிருந்து புதிதாகச் சட்ட முடிவு காணும் முயற்சி) பற்றிய இயலில் அவர் பஞ்சாப் பெண்களைக் குறிப்பிடுகிறார். மார்க்கம், உயிர், அறிவு, பொருள், சந்ததி ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று 14ஆம் நூற்றாண்டு அந்தலூசிய அறிஞர் ஷாத்திபி சொன்னதை எடுத்துக்காட்டி, ஹிதாயாவின் தீர்ப்பு மார்க்கத்தைக் காக்கிறதா என்று கேட்கிறார்.

இக்பால் கேட்டதில் ஆச்சரியமில்லை. தீர்வைக் கட்டி எழுப்பியவர் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது: தேவ்பந்த் மதரஸா மரபின் தூண்களில் ஒருவரான மௌலானா அஷ்ரஃப் அலி தானவி. பழமையில் ஊறியவர் என்று எல்லோரும் வரிசைப்படுத்தும் ஆலிம் (மார்க்க அறிஞர்). மதம் மாறினால் நிக்காஹ் முறியும் என்பதே முன்பு அவருடைய நிலையும். 1930களின் தொடக்கத்தில் அவர் மாலிக்கி அறிஞர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, அவர்களுடைய தீர்ப்புகளைக் கேட்டுப் பெற்று, ‘அல் ஹீலத்துன் நாஜிஸா’ என்ற நூலை எழுதினார். தேவை நெருக்கும்போது இன்னொரு மத்ஹபின் சட்டத்தை எடுத்துக்கொள்ள மரபே இடம் கொடுக்கிறது என்பது அவர் வாதம். மாலிக்கி மத்ஹபில் காணாமல் போனவனுக்காகக் காத்திருக்கும் காலம் 4 ஆண்டுகள்.

1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தை எடுத்து 2ஆம் பிரிவைப் பாருங்கள். முதல் காரணமே அதுதான்: கணவன் இருக்குமிடம் 4 ஆண்டுகளாகத் தெரியாமல் இருப்பது. மதமாற்றம் மட்டுமே நிக்காஹை முறிக்காது என்கிறது 4ஆம் பிரிவு. ஆலிம்களுக்கு ஒரு வருத்தமும் மிஞ்சியது. இவ்வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை மசோதாவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

இதில் தானவியைப் பழமைவாதி என்பதா, சீர்திருத்தவாதி என்பதா? இரண்டு பெட்டிக்கும் அவர் அடங்கமாட்டார். ஓர் அறிஞரைப் படிக்கும்போது அவர் எந்த அணி என்று தேடுவதை விட, எந்த ஆதாரத்திலிருந்து எந்த வழியாக அந்த முடிவுக்கு வந்தார் என்று தேடுவதுதான் பயன்தரும். அமெரிக்க அறிஞர் அமீனா வதூதின் 1992ஆம் ஆண்டு ‘குர்ஆனும் பெண்ணும்’ நூலை ஆதரிப்பவர்களும் சரி, மறுப்பவர்களும் சரி, இதே நேர்மையோடு வாசிக்கலாம். அவர் வசனங்களை எப்படி ஒன்றோடொன்று இணைத்துப் படிக்கிறார் என்று பார்க்காமலேயே தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

இஜ்திஹாதின் வாசல் மூடிவிட்டது, இல்லை யாருக்கும் திறந்திருக்கிறது

ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டோடு இஜ்திஹாதின் வாசல் மூடப்பட்டது என்பது ஜோசப் ஷாக்ட் போன்ற மேற்கத்திய ஆய்வாளர்கள் பரப்பிய கருத்து. இக்பால் ஏற்கெனவே அதைக் கட்டுக்கதை என்று சொல்லியிருந்தார். ஆய்வாளர் வாஇல் ஹல்லாக் 1984இல் எழுதிய கட்டுரை, அதற்குப் பிறகும் இஜ்திஹாத் கொள்கையிலும் நடைமுறையிலும் தொடர்ந்ததற்கு ஃபிக்ஹ் நூல்களிலிருந்தே ஆதாரம் திரட்டித் தந்தது. இன்றும் ‘வாசல் மூடிவிட்டது’ என்று மேற்கோள் இல்லாமல் எழுதுபவர் அந்த நாற்பது ஆண்டு விவாதத்தைத் தவறவிட்டிருக்கிறார் என்று பொருள்.

ஆனால் இதிலிருந்து நேர் எதிர்த் தவறுக்குத் தாவிவிடக் கூடாது. வாசல் திறந்திருக்கிறது என்றால் கைப்பேசியோடு யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று அர்த்தமில்லை. இன்றைய பெரிய கேள்விகளை மருத்துவர்களையும் பொருளாதார வல்லுநர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆலிம்கள் கூட்டாக ஆராய்கிறார்கள். மூளைச்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜித்தாவில் இயங்கும் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் கூடி, மூளையின் செயல்பாடு முழுவதும் மீளமுடியாமல் நின்றுவிட்டால் அதை மரணமாகக் கொள்ளலாம் என்றது. அடுத்த ஆண்டே மக்காவின் ராபிதா (உலக முஸ்லிம் லீக்) அமைப்பின் ஃபிக்ஹ் அவை, கருவிகளை எடுத்துவிடலாம், ஆனால் மூச்சும் இதயமும் நின்ற பிறகே மரணம் என்று சட்டப்படி சொல்ல முடியும் என்றது. உடலுறுப்பு தானம் பற்றி ஒரு குடும்பம் மருத்துவமனை வராந்தாவில் நின்று முடிவெடுக்கும்போது இந்த வேறுபாடு மிகப் பெரியது. அந்த நேரத்தில் ‘இஸ்லாத்தில் கூடாது’ என்றோ ‘கூடும்’ என்றோ ஒற்றை வரிச் செய்தியை அனுப்பிவிடாதீர்கள். இரண்டு முடிவுகளையும் தெரிந்த ஆலிமிடம் பேசச் சொல்லுங்கள்.

மகாசித் என்ற ஷரீஅத்தின் நோக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இன்று பிடித்த முடிவுக்கெல்லாம் ஒட்டும் பசையாகிவிட்டது. ஷாத்திபி நோக்கங்களைத் தனித்தனிச் சட்டங்களை நுணுகிப் பார்த்து அவற்றிலிருந்து திரட்டினார். சட்டங்களைப் படிக்காமல் நோக்கத்தை மட்டும் பேசினால் அவர் பெயரைச் சொல்வதில் அர்த்தமில்லை.

மதரஸா பற்றிப் பொத்தாம் பொதுவாகப் பேசுவது

முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்ற எண்ணத்தை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை உடைத்தது. முழுநேர மதரஸாவில் படிப்பவர்கள் 4 சதவீத அளவைத் தாண்டவில்லை. காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதிவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும், ஏழெட்டு ஆண்டுகள் தங்கி ஆலிம் பட்டம் பெறும் மாணவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்ததால் வந்த குழப்பம் அது.

பட்டம் பெற்றவர்களும் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல. பெயருக்குப் பின்னால் பாகவி என்றிருந்தால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர். காஸிமி என்றால் தேவ்பந்த், நத்வி என்றால் லக்னோவின் நத்வா, அஸ்ஹரி என்றால் கெய்ரோவின் அல் அஸ்ஹர். ஒரு நூலையோ உரையையோ எடைபோடும் முன் இந்த ஒட்டைப் பாருங்கள், பாதி பின்னணி அதிலேயே தெரிந்துவிடும்.

கஸ்ஸாலியோடு தத்துவம் முடிந்தது என்பது

தத்துவவாதிகளை மறுத்து மார்க்க அறிஞர் கஸ்ஸாலி எழுதியதும் முஸ்லிம் உலகில் சிந்தனை நின்றுவிட்டது என்ற கதையைப் பாடநூல்கள் வரை காணலாம். அதே கஸ்ஸாலிதான் உசூல் பற்றிய தன் ‘முஸ்தஸ்ஃபா’வைத் தர்க்கவியல் முன்னுரையோடு தொடங்கி, அது தெரியாதவரின் அறிவை நம்ப முடியாது என்று எழுதினார். அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர் ஈரானின் தத்துவவாதி முல்லா ஸத்ரா. 1640 வாக்கில் இறந்தார். 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபிரங்கி மஹலில் முல்லா நிஸாமுத்தீன் பெயரால் உருவான தர்ஸே நிஸாமி பாடத்திட்டத்தில் தர்க்கமும் தத்துவமும் நிறைந்திருந்தன. முல்லா ஸத்ராவின் உரைநூல் ஒன்றை இந்திய மாணவர்கள் ‘ஸத்ரா’ என்றே சுருக்கி அழைத்து ஓதினார்கள். காலித் அல் ருவைஹிப் 17ஆம் நூற்றாண்டு பற்றி 2015இல் வெளியிட்ட நூல், உஸ்மானியப் பகுதிகளிலும் மொராக்கோவிலும் அந்தக் காலத்தில் தர்க்கவியல் எவ்வளவு தீவிரமாகப் படிக்கப்பட்டது என்று காட்டியிருக்கிறது.

கஸ்ஸாலிக்குப் பதில் எழுதிய இப்னு ருஷ்தைத் தத்துவவாதி என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். அவர் செவில்லிலும் குர்துபாவிலும் காஜியாக இருந்தவர். ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ என்ற அவருடைய ஃபிக்ஹ் நூல் இந்தத் துறைக்குள் நுழைய மிக நல்ல வழி. ஒவ்வொரு பிரச்சினையிலும் அறிஞர்கள் எதில் உடன்படுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள், அந்தப் பிரிவுக்கு என்ன காரணம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாகக் கிடைக்கிறது. முழுவதையும் படிக்க வேண்டியதில்லை; தலாக், வியாபாரம், வாரிசுரிமை என்று உங்களுக்கு வேண்டிய பாகத்தைத் தனியாக எடுத்து வாசிக்கலாம்.