இறந்தவரின் உயிலைப் பதிவு செய்த கதை

அப்பா வயலை எனக்கு வெள்ளைத்தாளில் உயில் எழுதிவைத்திருந்தார். இரண்டு சாட்சிகள், பதிவு இல்லை. பட்டா மாற்ற மனு அதனாலேயே திரும்பியது. எழுதியவர் இறந்தபின் பதிவே முடியாது என்றார் பத்திர எழுத்தர். அக்காவிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வாங்கலாம் என்றார் இன்னொருவர்; செலவைக் கேட்டதும் அந்த யோசனை செத்தது.

வழக்கறிஞர்தான் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைப் புரட்டினார். 40ஆம் பிரிவின்படி, எழுதியவர் இறந்தபின் உயிலால் சொத்துப் பெறுபவரே அதைப் பதிவுக்குக் கொடுக்கலாம். 27ஆம் பிரிவின்படி காலக்கெடுவும் இல்லை. அசல் உயில், இறப்புச் சான்றிதழ், உயிரோடிருந்த சாட்சி மூன்றோடும் சார்பதிவாளரிடம் போனேன். அங்கே ஒரு சிக்கல்: உயிலில் சாட்சியின் கையெழுத்து தமிழில், பான் அட்டையில் ஆங்கிலத்தில். அவருடைய பழைய கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகத்தில் அதே தமிழ்க் கையெழுத்து கிடைத்தது. உயில் பதிவானது, பட்டாவும் மாறியது.