முடிவிலிக் கணக்கில் விடும் பிழைகள்

ஹட்டன் பக்கம் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் அதிகம் சிவப்புக் கோடு விழும் இடம் இது: "∞ − ∞ = 0". ஜோன் வாலிஸ் 1655இல் கணிதத்துக்குள் கொண்டுவந்த ∞ என்ற குறி பார்க்க எண்ணைப் போலவே இருப்பதுதான் வம்பு. எல்லைக் கணக்கில் அது எண் அல்ல. எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் தாண்டிப் போகும் என்பதே அதன் பொருள்.

ஓர் எண்ணை வர்க்கித்து, அதே எண்ணைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அந்த எண்ணைக் கழித்துப் பாருங்கள். 100ஐப் போட்டால் 10,100இன் வர்க்கமூலம் சுமார் 100.4988, கழித்தால் மிச்சம் 0.4988. 1000ஐப் போட்டால் சுமார் 0.4999. வர்க்கமூலமும் எண்ணும் முடிவிலிக்குப் போக, வித்தியாசம் அரைக்குப் போகிறது. பூச்சியம் எங்கே வந்தது? வேறொரு கோவையில் அது 7 ஆகலாம், முடிவிலியாகவே இருக்கலாம். ஆகவே ∞ − ∞ வந்த வரியில் விடை எழுதாமல் கோவையைச் சுருக்குங்கள். இதில் நடுவிலுள்ள கழித்தலைக் கூட்டலாக்கிய கோவையால் பெருக்கி வகுத்தால் வேலை முடிந்தது.

1ஐப் பூச்சியத்தால் வகுத்தால் முடிவிலி என்பதும் இதே ரகம். 0.001ஆல் வகுத்தால் 1000, −0.001ஆல் வகுத்தால் −1000. இரண்டு திசையில் ஓடுவதற்கு ஒரே விடை கிடையாது.

அப்புறம், உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எங்காவது நின்றுவிடும் என்ற நம்பிக்கை. 1/2 + 1/4 + 1/8 + … 1இல் நிற்கிறது, சரி. 1 + 1/2 + 1/3 + … நிற்காது. ஆனால் 10ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும், கல்குலேட்டரைத் தட்டி முடிவுகட்ட முடியாது. 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஓரேம் சொன்ன வழி எளிது: 1/3 + 1/4 அரையைவிடக் கூட, 1/5 முதல் 1/8 வரை கூட்டினால் அதுவும் அரையைவிடக் கூட, அடுத்த எட்டும் அப்படியே.

இரட்டை எண்கள் இயற்கை எண்களில் பாதிதான் என்பவர்கள் எண்ணுவதைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். தேயிலை மலையில் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு கூடை, மிச்சக் கூடை இல்லை என்றால், தலை எண்ணாமலே ஆளும் கூடையும் சமம் என்று கங்காணி சொல்லிவிடுவார். 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என்று இங்கேயும் மிச்சமில்லாமல் ஜோடி சேர்கிறது. வர்க்க எண்களில் இதைக் கண்ட கலிலியோ, கூட, குறைய, சமம் என்ற பேச்சே முடிவிலிக்குப் பொருந்தாது என்று 1638இல் எழுதினார்.

அதற்காக எல்லா முடிவிலியும் ஒன்றே என்று பாய்ந்துவிடாதீர்கள். பட்டியலிடுவது என்றால் 1, 2, 3 என்ற எண்களோடு ஜோடி சேர்ப்பதுதான். 0க்கும் 1க்கும் இடையிலுள்ள தசமங்களை எப்படிப் பட்டியலிட்டாலும் ஒன்று தவறிப்போகும் என்று கணிதவியலாளர் கான்டர் 1891இல் காட்டிய முறையைக் கொண்டு நிறுவலாம். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாவதன் இரண்டாம் இலக்கம் என்று ஒவ்வொன்றையும் மாற்றி எழுதுங்கள். கிடைப்பது பட்டியலில் இருக்காது. மாற்றும்போது 5 இருந்தால் 6, வேறெது இருந்தாலும் 5 போடுங்கள். புதிதாக 9ஐயோ 0ஐயோ போடாதீர்கள்: 0.4999… என்பதும் 0.5 என்பதும் ஒரே எண், அது வேறு உருவில் பட்டியலில் இருந்துவிடலாம்.