குளிர்காலத்தில் காடைக்குஞ்சு பொரித்து வளர்ப்பது: படிப்படியாக

குளிர்காலத்தில் காடை முட்டை வைத்தால் பொரிக்காது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பொரிக்கும். மூன்று குளிர்காலமாக நான் பொரித்து வளர்த்து வருகிறேன். ஆனால் முதல் தடவை 40 முட்டை வைத்து 9 குஞ்சுதான் கிடைத்தது. மீதி 31 முட்டைகளையும் ஒரு தட்டில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். ஏழு கரு கூடாதவை. ஐந்தில் கரு பாதியில் நின்றிருந்தது. மற்ற பத்தொன்பதிலும் முழுக்குஞ்சு இருந்தது. மேலே மென்மயிர் வளர்ந்து, அலகு ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்சவ்வு காய்ந்த காகிதம் போல உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே வரத் தயாராக இருந்து, திரும்ப முடியாமல் இறந்த குஞ்சுகள் அவை. அதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அந்தத் தட்டைப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது ஜப்பானியக் காடைக்கு. வீட்டில் வளரும் இந்தக் காடைகள் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் இருந்து அடை உட்காரும் பழக்கத்தையே பெரும்பாலும் இழந்துவிட்டன. அதனால் அடைக்குப் பதிலாக முட்டைக்குச் சூடு கொடுத்துப் பொரிக்க வைக்கும் பெட்டியான இன்குபேட்டர் வேண்டும்.

1. முட்டை சேர்ப்பது

ஒரு சேவலுக்கு இரண்டு மூன்று பெட்டை என்ற கணக்கில் இருந்தால் கரு கூடும். பகல் குறுகும்போது முட்டையும் குறையும். விளக்குப் போட்டு மொத்த வெளிச்சத்தை 14 முதல் 16 மணி நேரமாக்குங்கள். முட்டைகளைக் கூண்டில் விட்டுவைக்காமல் அன்றன்றைக்கே எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி, 15 டிகிரியை ஒட்டிய இடத்தில் வையுங்கள். ஏழு நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். வைப்பதற்கு முன் சில மணி நேரம் அறையில் இருக்கட்டும். குளிர்ந்த முட்டையை நேராகச் சூட்டில் வைத்தால் ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தோடு அழுக்கும் கிருமியும் உள்ளே போகும்.

2. இன்குபேட்டர்

மின்விசிறி உள்ளதையே வாங்குங்கள். விசிறி இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் இன்னும் கூடும். விசிறி இருந்தால் 37.5 டிகிரி. இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5க்குப் பக்கத்தில் வையுங்கள்.

பெட்டியை ஜன்னல் ஓரத்திலோ வெளிக்கொட்டகையிலோ வைக்காதீர்கள். வீட்டில் சூடு அதிகம் ஏறி இறங்காத உள்ளறைதான் சரியான இடம். முட்டை வைக்கும் முன் ஒரு முழு நாள் வெறுமனே ஓட விடுங்கள். விடியற்காலையில் எழுந்து ஒருமுறை அளவைப் பாருங்கள். இரவு பத்து மணிக்குச் சரியாக இருந்த பெட்டி நாலு மணிக்கும் சரியாக இருக்க வேண்டும்.

3. ஈரப்பதம்: நான் தவறவிட்ட இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குளிர்ந்த காற்றில் நீராவி குறைவாகத்தான் நிற்கும். 15 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டால் ஈரமாகவே தெரியும். அதில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 9 கிராம் நீராவி இருக்கிறது. அதே காற்று இன்குபேட்டருக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது, அது தாங்கக்கூடிய நீராவி 45 கிராம் அளவுக்கு உயர்ந்துவிடும். உள்ளே இருப்பதோ அதே 9 கிராம். ஆக 70 சதவீதம் 20 சதவீதமாகிவிடுகிறது. வெயில் காலத்தில் போதுமாக இருந்த அதே தண்ணீர்க் கிண்ணம் குளிர்காலத்தில் போதாமல் போவது இதனால்தான். குளிரை மட்டும் நினைத்துச் சூட்டைக் கவனித்துக்கொண்டிருந்தேன். முட்டைகள் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருந்தன.

வேண்டிய அளவு இது: முதல் 14 நாள் 45 முதல் 55 சதவீதம். கடைசி மூன்று நாள் 65 முதல் 75. நன்மைதானே என்று முதல் நாளிலிருந்தே 70 வைக்காதீர்கள். முட்டை கொஞ்சம் ஈரத்தை இழந்தால்தான் மொட்டை முனையில் உள்ள காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்தக் காற்றறையில்தான்.

ஈரப்பதம் கூட வேண்டுமென்றால் ஆழமான கிண்ணம் உதவாது. தண்ணீரின் மேற்பரப்பு அகலமாக இருக்க வேண்டும். அகலத் தட்டில் ஸ்பாஞ்சை நனைத்து நிறுத்தி வைப்பது என் வழி. மூடியைத் திறக்காமல் நீர் ஊற்ற, காற்றுத் துளை வழியாக ஒரு மெல்லிய குழாயைத் தட்டு வரை விட்டு, ஊசி போடும் சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரைச் செலுத்துகிறேன். ஈரம் நிற்கவில்லை என்று காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கருவுக்குக் காற்று வேண்டும், கடைசி நாட்களில் இன்னும் அதிகமாக வேண்டும்.

அப்புறம், ஈரப்பதமானியை நம்பும் முன் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டு நீர் விட்டு ஈர மணல் மாதிரி ஆக்குங்கள். உப்பு முழுக்கக் கரையக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவில் வைத்து மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். என்னுடையது 84 காட்டியது. அதாவது நான் 65 என்று நம்பியிருந்த நாட்களில் உண்மையில் 56தான் இருந்திருக்கிறது. இப்போது இரண்டு மானிகள் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் உப்புச் சோதனையைத் திரும்பச் செய்வேன். வெப்பமானிக்கு எளிய வழி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்து 37 டிகிரி வெந்நீரில் பிடித்து ஒப்பிடுவது.

4. திருப்புதல்

14 நாள் வரை தினம் மூன்று முதல் ஐந்து முறை. தானாகத் திருப்பும் தட்டு இருந்தால் நல்லது, காடை முட்டைக்கு ஏற்ற சிறிய குழி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒளி வைத்துக் கரு பார்ப்பதை ஒரே ஒரு தடவை, பத்தாம் நாள், நண்பகலில் செய்கிறேன். காடை ஓட்டின் புள்ளிகளால் அதற்கு முன் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

5. கடைசி மூன்று நாள்

15ஆம் நாள் திருப்புவதை நிறுத்துங்கள். தட்டில் சொரசொரப்பான துணி விரியுங்கள், தண்ணீரை நிரப்புங்கள், மூடுங்கள். அதன் பிறகு திறக்கக் கூடாது. 17 அல்லது 18ஆம் நாள் ஓட்டில் முதல் விரிசல் தெரியும். உள்ளே இருந்து மெல்லிய கீச்சொலியும் கேட்கும். விரிசலுக்குப் பிறகு பல மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கலாம். அந்த நேரத்தில் உதவி செய்யக் கை பரபரக்கும். திறந்தால் ஒரு நொடியில் ஈரம் வெளியேறி, விரிசல் விட்ட மற்ற முட்டைகளின் சவ்வும் காய்ந்து இறுகிவிடும். முதலில் வந்த குஞ்சு பசிக்குமே என்றும் கவலை வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு ஒரு நாளுக்குப் போதும். எல்லாம் பொரிந்து, மயிர் காய்ந்து பஞ்சு மாதிரி ஆன பிறகு எடுங்கள்.

6. புரூடர்

பொரிந்த குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டிதான் புரூடர். குஞ்சு பொரியும் முன்பே அது சூடாகி இருக்க வேண்டும். ஒரு குஞ்சின் எடை 7, 8 கிராம்தான். அந்த உடம்பால் தன் சூட்டைத் தானே காக்க முடியாது.

வெப்பத்துக்கு பல்பை விட செராமிக் ஹீட்டரும், சூட்டைத் தானாக ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும்தான் என் தேர்வு. பல்ப் விழுந்தால் தீப்பிடிக்கும், இரவில் ஃபியூஸ் போனால் யாருக்கும் தெரியாது. எதை மாட்டினாலும் சங்கிலியில் மாட்டுங்கள், ஒயரில் தொங்கவிடாதீர்கள். சூடு ஒரு பக்கம் மட்டும் இருக்கட்டும். மறுபக்கம் குளிர்ந்து இருந்தால் குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். முதல் சில நாள் சூடான பக்கத்தில், குஞ்சின் முதுகு மட்டத்தில் அளந்து, 36, 37 டிகிரி. பிறகு நாளுக்கு அரை டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள்.

குளிர் மேலே இருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் ஏறும். பெட்டிக்கு அடியில் தெர்மாகோல் வையுங்கள். மூலைகளை அட்டையால் வளைத்து வட்டமாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் குளிரும் குஞ்சுகள் மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பவை மூச்சு முட்டி இறக்கும்.

வெப்பமானியை விடக் குஞ்சுகளைப் பாருங்கள். எல்லாம் ஹீட்டருக்கு அடியில் குவிந்து ஓயாமல் கத்தினால் குளிர். சுவரோரம் ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். அங்கங்கே காலை நீட்டிப் படுத்து, தூக்கத்தில் மெல்ல முனகினால் சரி. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கப் போவேன்.

தரையில் செய்தித்தாள் போடாதீர்கள், வழுக்கிக் கால் இரண்டு பக்கமும் அகன்றுவிடும். முதல் வாரம் சாக்கு அல்லது பழைய துவாலை. தண்ணீர் மூடியில் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ நிரப்பி, இடுக்கில் மட்டும் நீர் நிற்கும்படி செய்யுங்கள். ஒரு விரற்கடை ஆழத்திலும் காடைக்குஞ்சு மூழ்கும், நனைந்தால் குளிரில் உடனே சுருண்டுவிடும். தீவனத்தில் புரதம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குருணையாக வரும் அந்தத் தீவனத்தை மிக்சியில் ஒரு சுற்று விட்டுத் தூளாக்கிக் கொடுங்கள்.

குளிருக்குப் பயந்து பெட்டியை முழுவதும் மூடிவிடாதீர்கள். தலையை உள்ளே விட்டால் கண் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அம்மோனியா தேங்கியிருக்கிறது. கீழே காற்று அடிக்கக் கூடாது, மேலே காற்று போக வேண்டும்.

மூன்று நான்கு வாரத்தில் இறகு முழுமையாக வந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரே நாளில் வெளியே விடாமல், முதலில் பகலில் மட்டும் ஹீட்டரை அணைத்து, நாலைந்து நாள் பழக்கி, பிறகு இரவிலும் அணையுங்கள். வெளியே கடுங்குளிர் என்றால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்.

பின்சேர்க்கை 1: முட்டை வைத்த நாளையே முதல் நாளாக எண்ணிவிட்டு 17ஆம் நாள் பொரியவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். வைத்த நாள் பூஜ்யம். 24 மணி நேரம் முடிந்தால்தான் ஒரு நாள். 20ஆம் நாள் வரை இன்குபேட்டரை அணைக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: புதிய வெப்ப பல்ப் மாட்டிய இரவே குஞ்சுகள் எல்லாம் இறந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒட்டாத வாணலிகளில் இருக்கும் அதே பூச்சு சில வெப்ப பல்புகளிலும் உண்டு. சூடேறினால் அதிலிருந்து வரும் புகை பறவைகளுக்கு விஷம். நமக்கு வாசனை கூடத் தெரியாது. உறையைப் படித்துப் பார்த்து, பி.டி.எஃப்.இ. (PTFE) என்ற அந்தப் பூச்சு இருந்தால் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை 3: மின்வெட்டு பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஓரிரு மணி நேரம் குளிர்ந்தால் கரு பெரும்பாலும் தாங்கும், அதிகச் சூட்டைத்தான் தாங்காது. திறக்காமல் போர்வையால் சுற்றுங்கள், காற்றுத் துளைகளை விட்டுவிட்டு. நீண்ட நேரம் ஆகுமென்றால் மட்டும் வெந்நீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். துணி இல்லாமல் வைத்தால் பாட்டிலை ஒட்டிய முட்டைகள் சூட்டில் போய்விடும்.