ஏரிக்கரைச் சவாரி சிகிச்சை ஆகாது: குதிரைத் துணையுடன் மனநலச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலையில் ஒரு சவாரி முடித்து இறங்கும் பிள்ளையின் முக மலர்ச்சியைக் கண்டதும், “வாரம் ஒருமுறை இப்படி ஏற்றிவிட்டால் இவனுடைய பதற்றம் குறையாதா?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. கேட்பதில் பிழையில்லை, ஆனால் பலரும் செய்யும் முதல் தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சவாரி மகிழ்ச்சி தரும், அது வேறு. குதிரையின் துணையோடு நடக்கும் மனநலச் சிகிச்சையில் பெரும்பாலும் யாரும் குதிரைமீது ஏறுவதே இல்லை. அருகே செல்வது, பிடரியை வாருவது, கயிற்றைப் பிடித்து உடன் நடப்பது, அப்போது உள்ளே எழும் அச்சத்தையோ கோபத்தையோ உளவியலாளரோடு பேசிப் புரிந்துகொள்வது ஆகியவையே அதன் வேலை.

இதோடு உடல் சார்ந்த பயிற்சியைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1952ஆம் ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றது, மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சி ஐரோப்பாவில் பரவ ஒரு தூண்டுகோலாயிற்று. குதிரையின் நடையசைவைக் கொண்டு தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி தருவது இயன்முறை மருத்துவம் சார்ந்த துறை. பிள்ளைக்கு வேண்டியது எது என்று தெரியாமல் பணம் கட்டிவிட்டால், இரண்டும் கிடைக்காமல் போகலாம்.

அடுத்து, யார் நடத்துகிறார்கள் என்று பார்க்காமல் விடுவது. களத்தில் இருவர் தேவை. ஒருவர் மனநலப் பயிற்சி பெற்றவர். அவர் தம்மை மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். மற்றவர் அந்தக் குதிரையை அறிந்த குதிரைக்காரர். குதிரை விஷயத்தில் அவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் அன்று வேண்டாம்தான். “இங்கே வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்” என்று எவராவது சொன்னால், அடுத்த கேள்வி கேட்காமல் திரும்பி வந்துவிடலாம். இதுவரையிலான ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறு குழுக்களை வைத்து நடந்தவை; ஆகவே இதை மருந்துக்கும் ஆலோசனைக்கும் துணையாகக் கொள்ளலாமே தவிர, மாற்றாகக் கொள்ள முடியாது.

எனக்கு மிகவும் உறுத்தும் தவறு, “குதிரைக்கு உங்கள் மனசு தெரியும்” என்று சொல்லிவிடுவது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1904ஆம் ஆண்டு அதை ஆராய்ந்த குழுவுக்கு எந்த ஏமாற்றும் தென்படவில்லை. பிறகு ஆஸ்கர் பிஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர், கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தடுமாறுவதைக் கண்டார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் லேசாக அசைய, அதைப் பார்த்தே ஹான்ஸ் நிறுத்தியது. கணக்கு தெரியாது, உடல் தெரியும். இரையாகும் விலங்கு அப்படித்தான் கவனித்துப் பிழைத்து வந்திருக்கிறது.

பனிமூட்டம் விலகாத ஒரு காலையில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பிரஷை வேகவேகமாக இழுத்துக்கொண்டிருந்தான். குதிரை காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து, தோலைச் சிலிர்த்து, ஓரடி விலகி நின்றது. “அதற்கு என்னைப் பிடிக்கவில்லை” என்றான். உளவியலாளர் மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை, “கை எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அவன் தன் கையைப் பார்த்தான். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தான். பிடி தளர்ந்த பிறகு குதிரை விலகிப் போகவில்லை. “உன் சோகம் அதற்குப் புரிந்துவிட்டது” என்று அந்த இடத்தில் ஒருவர் சொல்லியிருந்தால், பையன் தன் கையைக் கவனிக்காமலேயே போயிருப்பான்.

அஞ்சும் பிள்ளையைத் தூக்கி உட்காரவைப்பதோ கொடுமையிலும் கொடுமை. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாக, பழைய அச்சத்தோடு புதியதொன்றும் சேரும். வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு ஒரு நாள் முடிந்தால் அதுவும் முழு அமர்வுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் காலைமுதல் மாலைவரை சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த மட்டக்குதிரையை மாலையில் சிகிச்சைக்கு நிறுத்துவதும் தவறே. களைத்த குதிரை அசையாமல் நிற்கும். நாம் அதைப் பொறுமை என்று மெச்சுவோம். ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கண் பாதி மூடி நிற்பது ஓய்வு. தலை தொங்கி, கூப்பிட்டாலும் காது திரும்பாமல் நிற்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

பாதுகாப்பு பற்றிச் சில சொற்கள் போதும்: வாலுக்கு நேர் பின்னால் குதிரைக்குப் பார்வை இல்லை, அங்கே நிற்கக் கூடாது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, செருப்போடு போகக் கூடாது. குதிரை லத்தி கலந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும் என்பதால் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் குளிரையும் வைக்கோல் தூசியையும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சமவெளியிலிருந்து வருபவர்கள் செய்வது இன்னொன்று. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கோ மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கோ வளைவு வளைவாக ஏறி, வாந்தியெடுத்துச் சோர்ந்த பிள்ளையை அன்றைக்கே லாயத்துக்கு அழைத்துப் போகிறார்கள், மறுநாள் இறங்கிவிடுகிறார்கள். ஒரே சந்திப்பில் பழக்கம் மட்டுமே உண்டாகும். பல வாரங்கள் தொடர்ந்து வர முடியாதென்றால், ஊருக்கருகே ஆலோசகர் ஒருவரைத் தேடுவதே மேல். அதற்கு வழி கேட்க 14416 என்ற அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண் (‘டெலி மானஸ்’) இருக்கிறது.

தொடர்ந்து வந்தவர்களும் முடிவில் தவறுகிறார்கள். பள்ளி திறந்தது என்று திடீரென நிறுத்தினால், ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளை குதிரையையும் அப்படியே இழக்கிறது. கடைசிச் சந்திப்பு எது என்பதை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட்டு, அன்று கயிற்றைப் பிடித்து லாயம்வரை கொண்டுபோய் விடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.